மைக்ரோ மெஷின்ஸ் மிலிட்டரி: அமெரிக்க ஜெனிசிஸ்ல நாலு பேட் போட்டு ஆட என்னென்ன வேணும்?

ரெண்டாம்பிளேயர்

சேகாவோட மெகா டிரைவ் கேம் பெட்டியில (அமெரிக்காவில அதுக்குப் பேரு ஜெனிசிஸ்) ஐரோப்பாவில மட்டும் வந்த குட்டி வண்டிப் பந்தய ஆட்டம் மைக்ரோ மெஷின்ஸ் மிலிட்டரி (1996, கோட்மாஸ்டர்ஸ்) இங்கிலாந்திலிருந்து வந்துக்கிட்டிருக்கு. தலையில ரெண்டு பேட் (கன்ட்ரோலர்) சொருகுற ஓட்டை இருக்கிற ஜே-கார்ட்ங்கிற கார்ட்ரிட்ஜ் பிரதிதான். என்கிட்ட இருக்கிறது அமெரிக்க ஜெனிசிஸ் மாடல் 2, டிவியில எச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு. ஆறு பட்டன் பேட் மூணு, மூணு பட்டன் பேட் ஒண்ணு. கார்ட் கைக்கு வர்றதுக்குள்ள தெரிஞ்சுக்க வேண்டியவை:

அமெரிக்கப் பெட்டியில கார்ட் நுழையுமா, ஓடுமா? வேற நாட்டுக் கார்ட்டை ஓட வைக்கிற ரீஜன் கன்வெர்ட்டர் வாங்கணுமா? நாலு பேருக்கு சேகாவோட டீம் பிளேயர் மல்டிடாப் (ஒரே போர்ட்ல பல பேட் சொருகுற பெட்டி) வேணுமா, இல்ல கார்ட்ல இருக்கிற ஓட்டையே போதுமா? எட்டுப் பேர் ஆடலாம்னு சொல்றாங்களே, நாலு பேட்ல எப்படி? ஃபிளாஷ் கார்ட்ல (ஆட்டக் கோப்புகளைப் போட்டு ஓட்டுற கார்ட்) போட்டா இதே மாதிரி ஆடலாமா?

---

ஒயர்ப்பெட்டி

நுழையும். அமெரிக்க, ஐரோப்பியக் கார்ட்களின் ஓடு ஒரே அகலம். ஜப்பானிய மெகா டிரைவின் வாய்தான் குறுகலானது. அதில் ஐரோப்பியக் கார்ட் இறங்காது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ரீஜன் கன்வெர்ட்டர் வாங்காதீர்கள். காரணம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் வீணாகக் காசு செலவழிக்கிறார்கள். மெகா டிரைவில் பகுதி எது என்று ஆட்டம் தெரிந்துகொள்வது ஏ10001 என்ற நினைவக முகவரியில் உள்ள இரண்டே பிட்களை வைத்து. பிட் 7: ஜப்பானா, வெளிநாடா. பிட் 6: என்டிஎஸ்சியா (60 ஹெர்ட்ஸ் டிவி முறை), பாலா. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இரண்டுமே 'வெளிநாடு'. அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஒரே வித்தியாசம் பிட் 6. ஆக, அமெரிக்கப் பெட்டியில் 50/60 ஹெர்ட்ஸ் ஸ்விட்ச் ஒன்று வைத்துவிட்டால் அது முழு ஐரோப்பியப் பெட்டி ஆகிவிடும். மொழி ஸ்விட்ச் என்று இன்னொன்று தேவைப்படுவது ஜப்பானியப் பெட்டிக்காரர்களுக்கு. கன்வெர்ட்டர் கார்ட்டோ ஆட்டத்தை ஏமாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதுபோக, ஜே-கார்ட் ஏற்கெனவே உயரமான பொருள். அதற்கு அடியில் இன்னொரு மாடி கட்டினால் கேபிள் லேசாக இழுபட்டதும் ஆடும்.

(பால் என்றதும் ஆவின் ஞாபகம் வருபவர்களுக்கு: இது 50 ஹெர்ட்ஸ் டிவி முறை. இந்தியாவிலும் இலங்கையிலும் அனலாக் டிவி ஒளிபரப்புக்குப் பயன்பட்டது அந்த முறைதான்.)

60 ஹெர்ட்ஸில் அப்படியே ஆடினால் என்ன? ஐரோப்பாவுக்கென்றே எழுதிய ஆட்டத்தில் இரண்டு சிக்கல் வரும்.

முதலாவது வேகம். ஐரோப்பியப் பெட்டி நொடிக்கு 49.70 ஃபிரேம் ஓடும், அமெரிக்கப் பெட்டி 59.92. ஃபிரேமை எண்ணி ஓடும் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். சோலோவாக ஆடுபவர் பழகிக்கொள்வார். மேலிருந்து பார்க்கும் கேமரா, அடுத்த வளைவு தெரிவதற்குள் வண்டி அதில் இருக்கும் ஆட்டம் இது. புதிதாக வந்து பேடைப் பிடிக்கும் விருந்தாளி முதல் பந்தயத்திலேயே தடத்தை விட்டுக் கீழே விழுந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது படம். ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்கும் விபிளாங்க் நேரத்தில்தான் புதுப் படத்துண்டுகளை வீடியோ சிப்புக்கு வேகமாக அனுப்ப முடியும். ஐரோப்பிய முறையில் 313 கோடு, அமெரிக்க முறையில் 262. படம் 224 கோடு என்றால் அங்கே மிச்சம் 89, இங்கே 38. 320 புள்ளி அகல முறையில் 50 ஹெர்ட்ஸ் பெட்டி ஒரு விபிளாங்கில் சுமார் 17.5 கிலோபைட் அனுப்பும், 60-இல் 7.5 கிலோபைட்டோடு கதவு மூடிவிடும். அந்த விசாலத்தை நம்பி எழுதிய ஆட்டத்தை 60-இல் போட்டால் திரையின் மேல்பகுதியில் கறுப்புக் கோடுகள், துள்ளும் ஸ்ப்ரைட் (நகரும் உருவம்), சில நேரம் முழு உறைவு. 240 கோடு உயரத்தைப் பயன்படுத்தும் ஆட்டம் என்றால் 60-இல் படம் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும், ஏனென்றால் அந்த முறை 50-இல் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

இது கோட்மாஸ்டர்ஸ் குறையல்ல. அமெரிக்காவில் விற்காத பண்டத்தை 60-க்குச் சரிபார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

---

குட்டிடாங்கி

மல்டிடாப் வாங்கவே வாங்காதீங்க. டீம் பிளேயர் பெட்டியோட முன்பக்க போர்ட்ல உக்காந்து தனி பாஷை பேசும். அந்தப் பாஷைக்குன்னு எழுதின ஆட்டம்தான் அதைப் புரிஞ்சுக்கும். ஜே-கார்ட்ல இருக்கிற ரெண்டு போர்ட்டும் கார்ட்டைப் பெட்டியோட இணைக்கிற தகவல் கம்பிகள்லயே (பஸ்) உக்காந்திருக்கு. 38எஃப்எஃப்எஃப்இ முகவரியை ஆட்டம் ஒரு தடவை படிச்சா, 16 பிட்ல கீழ் பாதி மூணாவது பேட், மேல் பாதி நாலாவது பேட். அவ்வளவு நேரடி. மல்டிடாப் வாங்க வேண்டாம்னுதான் கோட்மாஸ்டர்ஸ் இதையே செஞ்சாங்க: மைக்ரோ மெஷின்ஸ் 2, டர்போ டோர்னமென்ட் 96, மிலிட்டரி, சூப்பர் ஸ்கிட்மார்க்ஸ், பீட் சாம்ப்ராஸ் டென்னிஸ் எல்லாத்திலயும் இதே தந்திரம்.

எட்டுப் பேர் கணக்கு: ஒரு பேடை ரெண்டு பேர் பிடிக்கணும். ஒருத்தர் கையில திசைப் பட்டன், இன்னொருத்தர் கையில ஏ-பி-சி பக்கம். வண்டி தானா முடுக்கிக்கும், உங்க வேலை திருப்புறது. ஆளுக்கு ஒரு கைதான். ரெண்டு பேர் தோளும் ஒட்டிக்கிட்டுதான் உக்காரணும், வலது பக்கம் இருக்கிறவரு எட்டி விழுந்தா இடது பக்கத்துக்காரர் வண்டியும் சுவத்துல போய் மோதும். ஆட்டத்தோட பாதி சிரிப்பு அங்கதான் இருக்கு.

இப்ப பேட் சமாச்சாரம். ஆறு பட்டன் பேட்ல ஒரு குணம் உண்டு. ஆட்டம் டிஎச் கம்பியை (பேட் பிளக்கோட 7-ஆம் முனை) மேலயும் கீழயும் அடுத்தடுத்து ஆட்டினா, மூணாவது தடவைக்கு மேல அது எக்ஸ்-ஒய்-இசட் பட்டன் தகவலைக் கொட்ட ஆரம்பிக்கும். சுமார் ஒன்றரை மில்லிசெகண்ட் சும்மா விட்டாதான் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே ஃபிரேம்ல பேடைப் பல தடவை படிக்கிற ஆட்டம்னா குழம்பிப்போய், நீங்க தொடாத திசை அழுந்தின மாதிரி தெரியும். வண்டி தானா ஒரு பக்கம் இழுத்துச்சுன்னா முதல் சந்தேகம் இதுமேல வைங்க. மருந்து சுலபம்: மோட் பட்டனை அழுத்திப் பிடிச்சபடி பவரைப் போடுங்க. பேட் மூணு பட்டன் பேடா மாறிடும், பவர் அணைக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். ஆறு பட்டன் பேட் வச்சிருக்கிற மூணு பேரும் சேர்ந்து மோடைப் பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தர் பவர் போடுற காட்சி பார்க்க பூஜை மாதிரி இருக்கும், பரவாயில்ல.

சொருகுற வரிசை முக்கியம். கார்ட் கையில இருக்கும்போதே மூணாவது, நாலாவது பேடைச் சொருகுங்க. அப்புறம் கார்ட்டை நேரா அழுத்தி இறக்குங்க. அப்புறம் பவர். கார்ட்டை இறக்கிட்டு மேலிருந்து பேட் பிளக்கை அமுக்கினா அந்த அழுத்தம் முழுக்க 64 பின் ஸ்லாட் மேலதான் விழும். கழட்டும்போது தலைகீழ்: பவர் அணை, கார்ட்டை எடு, பேடைக் கழட்டு.

---

ரெண்டாம்பிளேயர்

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப 50/60 ஸ்விட்ச் வைக்கலாம்னு முடிவு. சால்டரிங் கொஞ்சம் வரும். ஆனா 50-இல் போட்டா கலர் வராது, கறுப்பு வெள்ளைதான்னு ஒரு இடத்துல படிச்சேன். அது நிஜமா? என் டிவி 50 ஹெர்ட்ஸ் எடுக்குமான்னும் தெரியல.

---

ஒயர்ப்பெட்டி

நிஜம், கூட்டு வீடியோவில். மஞ்சள் பிளக்கில் வரும் நிறம் என்கோடர் சிப் தயாரிப்பது. உங்கள் பெட்டியின் என்கோடர் அமெரிக்க முறைக்குக் கட்டப்பட்டது, 3.58 மெகாஹெர்ட்ஸ் நிற அலை. 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் நிறம் மட்டும் பழைய முறையிலேயே வெளியே போகும். 50 என்றால் பால் நிறம் என்று எதிர்பார்க்கும் டிவி அதைக் கண்டுகொள்ளாது. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் வீடியோ) எடுத்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது: என்கோடரின் நிறக் கலவையை அது தொடுவதில்லை. மாடல் 2-இன் பின்பக்க ஒன்பது முனை மினி-டின் பிளக்கில், அமெரிக்கப் பெட்டி உட்பட, ஆர்ஜிபி இருக்கிறது. மாடல் 1 கேபிள் எட்டு முனை டின், அது பொருந்தாது. வாங்கும்போது 'மெகா டிரைவ் 2' என்று பார்த்து வாங்குங்கள்.

அங்கிருந்து ஓஎஸ்எஸ்சி அல்லது ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போல ஏதாவது ஒரு மாற்றி, பிறகு எச்டிஎம்ஐ. கவனிக்க வேண்டியது: ஓஎஸ்எஸ்சி கோடுகளைப் பெருக்கித் தரும், ஹெர்ட்ஸைத் தொடாது. 50 போனால் 50 வரும். வட அமெரிக்க டிவிகளில் பல 50-ஐ எச்டிஎம்ஐயில் மறுத்துவிடும். இதை இப்போதே சோதிக்கலாம், காசு செலவில்லாமல். மடிக்கணினியை எச்டிஎம்ஐயில் டிவிக்கு இணைத்து, டிஸ்பிளே அமைப்பில் 1920×1080, 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 50 இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவரில் தனி ரெசல்யூஷன் சேர்த்துப் பாருங்கள். படம் வந்தால் கவலையில்லை. 'சிக்னல் ஆதரிக்கப்படவில்லை' என்று வந்தால், ஃபிரேமைத் தேக்கி 60-ஆக மாற்றித் தரும் வசதியுள்ள மாற்றிதான் வழி. அதில் நொடிக்குப் பத்து ஃபிரேம் இரட்டிப்பாகும். திரை ஓடும்போது சீரான குட்டிக் குலுக்கல் தெரியும். ஆடலாம், ஆனால் எனக்குக் கண் வலிக்கும்.

இனி ஸ்விட்ச். வேண்டியவை: மூன்று கால் உள்ள சாதாரண டாகிள் அல்லது ஸ்லைட் ஸ்விட்ச் ஒன்று, 30 கேஜ் அளவு மெல்லிய ஒயர் மூன்று துண்டு (15 செ.மீ. போதும்), ஃபிளக்ஸ், மல்டிமீட்டர், கூரான கத்தி.

தத்துவம் ஒன்றுதான். வீடியோ சிப்பில் ஒரு கால், 5 வோல்ட்டில் இருந்தால் 60, தரையில் இருந்தால் 50. மாடல் 1 போர்டில் இதற்கென்று ஜேபி3, ஜேபி4 ஜம்பர்கள் உண்டு (ஜேபி1, ஜேபி2 மொழிக்கு). மாடல் 2-இல் போர்டுக்குப் போர்டு இடம் மாறும். மூடியையும் உலோகக் கவசத்தையும் கழற்றி, போர்டில் அச்சடித்திருக்கும் விஏ எண்ணை (போர்டின் பதிப்பு எண்) முதலில் படித்துவிட்டு, அதே எண்ணுக்கான வரைபடத்தை மட்டும் பின்பற்றுங்கள். பக்கத்து எண்ணின் படத்தைப் பார்த்துத் தவறான காலைத் தூக்கியவர்கள்தான் 'மாட் செய்தேன், பெட்டி செத்துவிட்டது' என்று எழுதுகிறார்கள்.

செய்முறை: அந்தக் கால் இப்போது 5 வோல்ட்டோடு நிரந்தரமாக இணைந்திருக்கிறது. அந்த இணைப்பை முதலில் அறுக்க வேண்டும், ஜம்பரைக் கழற்றியோ, தடத்தை வெட்டியோ, காலைத் தூக்கியோ. அறுக்காமல் ஸ்விட்சைப் பொருத்தி 50 பக்கம் தள்ளினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்: 5 வோல்ட் நேராகத் தரையில். அறுத்தபின் காலுக்கு ஸ்விட்சின் நடு முனை, ஓரங்களில் ஒன்றுக்கு 5 வோல்ட், மற்றதற்குத் தரை.

பவர் கொடுக்குமுன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து மூன்று சோதனை. ஸ்விட்சின் இரண்டு ஓரங்களுக்கு இடையில், இரண்டு நிலையிலும், பீப் வரக்கூடாது. நடு முனை 60 பக்கம் இருக்கும்போது 5 வோல்ட்டோடு மட்டும் பீப். 50 பக்கம் தரையோடு மட்டும். மூன்றும் சரியென்றால் கவசத்தை மாட்டி, ஒயர் எதுவும் கவசத்தின் விளிம்பில் நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஆட்டம் தொடங்கும்போதே 50-இல் இருக்கட்டும். சில ஆட்டங்கள் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை பிட் 6-ஐப் படித்து இசை வேகத்தை முடிவு செய்துகொள்ளும். நடுவில் தள்ளினால் படமும் பாட்டும் வேறு வேறு தாளத்தில் போகும்.

ஒரு நுணுக்கம். உங்கள் பெட்டியின் தாய்க் கடிகாரம் 53.69 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பியப் பெட்டியில் 53.20. அதனால் உங்கள் '50' உண்மையில் 50.16. ஒலியின் சுருதியும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான அளவு கூடியிருக்கும். கேட்டுக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

---

பிட்டுக்குபிட்டு

இவ்வளவு அறுவை சிகிச்சை எதுக்கு? நாலு பேர் உக்காந்து ஆடணும்கிறதுதான் நோக்கம்னா எமுலேட்டரோ (பழைய பெட்டி மாதிரி நடிக்கிற மென்பொருள்) மிஸ்டரோ (அதையே சிப்ல செய்யிற பெட்டி) போதும்.

ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ்ங்கிற எமுலேட்டர் இந்த ஆட்டத்தைத் தானா ஜே-கார்ட்னு அடையாளம் கண்டு 3, 4 பேடைக் கொடுத்துடும். மிஸ்டர்ல ஜெனிசிஸ் கோர் மெனுவுக்குள்ள மல்டிடாப் வரிசையில ஜே-கார்ட்னு ஒரு தேர்வு இருக்கு, அதைப் போடணும். டீம் பிளேயர்ல வச்சுட்டு மூணாவது பேட் வரலைன்னு புலம்புறவங்க நிறைய. மிஸ்டர்லயும் எச்டிஎம்ஐ 50 தகராறு அதேதான்: விசிங்க்_அட்ஜஸ்ட் 2 வச்சா கோர் ஓடுற ஹெர்ட்ஸ் அப்படியே டிவிக்குப் போகும், டிவி எடுக்கலைன்னா 0.

ரோம் (கார்ட்ல இருக்கிற ஆட்டத்தோட கோப்பு) விஷயத்துல ஒரு பொறி இருக்கு. இந்த ஆட்டத்தோட ஹெடர்ல (கோப்போட தொடக்கத் தகவல் பகுதி) தயாரிப்பு எண் இருக்க வேண்டிய இடத்துல வெறும் பூஜ்யங்கள். அதனால ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் ஹெடர்ல எழுதியிருக்கிற செக்சம் (சரிபார்ப்பு எண்) மதிப்பான 168பி-ஐ வச்சுத்தான் கண்டுபிடிக்குது. (வேடிக்கை என்னன்னா சூப்பர் ஸ்கிட்மார்க்ஸ்லயும் அதே 168பிதான். அதுவும் ஜே-கார்ட்ங்கிறதால யாருக்கும் நஷ்டமில்ல.) 'ஹெடரைச் சரிசெய்யும்' கருவி ஏதாவது ஓட்டி அந்த மதிப்பை மாத்திட்டீங்கன்னா ஆட்டம் ஓடும், ஆனா 3, 4 பேட் காணாமப்போகும். புது ரோம் ஹேக் போட்டா முதல்ல இதைப் பாருங்க.

சேவ் பேட்டரி கிடையாது, மின்சாரம் இல்லாமலே நினைவு வச்சுக்கிற 24சி08 ஈஈப்ராம் சிப். உண்மையான கார்ட் வாங்குறவங்களுக்கு இது நல்ல செய்தி: 1996 கார்ட்ல பேட்டரி செத்துப்போச்சான்னு கவலைப்பட வேண்டாம்.

ஃபிளாஷ் கார்ட் கேட்டிருந்தீங்க. அதோட தலையில போர்ட் இல்ல, அதனால ரெண்டு பேட்தான். பேடைப் பங்கு போட்டா நாலு பேர். 'ரீப்ரோ'ன்னு சாதாரண ஓட்டுல விக்கிற பிரதிக்கும் இதே கதி. ஓட்டை இல்லாத மிலிட்டரிக்கு ஜே-கார்ட் விலை கொடுக்காதீங்க.

---

குட்டிடாங்கி

எமுலேட்டர் யோசனை தப்பில்ல, ஆனா புளூடூத் பேட் நாலு சேர்த்து ஆடினா ஒருத்தருக்கு மட்டும் தாமதம் வரும், அவரு தோத்துட்டு பேடைத்தான் திட்டுவாரு. கம்பி பேட் யூஎஸ்பியில போடுங்க.

அப்புறம் இந்த ஆட்டம் மத்த மைக்ரோ மெஷின்ஸ் மாதிரி இல்லைங்கிறதையும் சொல்லணும். சூப்பர்சோனிக் குழு அதே எஞ்சினை எடுத்து வண்டிக்குத் துப்பாக்கி கட்டிவிட்டாங்க. கேமரா முன்னால போறவரைத்தான் துரத்தும். பின்தங்கித் திரையை விட்டு விழுந்தவர் அந்தச் சுற்றுக்கு அவுட். பழைய ஆட்டங்கள்ல முன்னால போறவருக்குப் பெரும்பாலும் இருக்கிற ஆபத்து, அடுத்த வளைவு தெரியாது. இங்க முதுகுக்குப் பின்னால மூணு பேர் சுடத் தயாரா இருக்காங்க. அதனால எப்பவும் முதல்ல ஓடணும்கிற பழக்கத்தை விடுங்க. திரை நடுவுல, ரெண்டாவது இடத்துல ஒட்டிக்கிட்டு, முன்னால இருக்கிறவரு வளைவுக்குத் திரும்பி அகலமாத் தெரியிற நேரத்துல சுட்டா வீண் போகாது. நேர்கோட்டுல சுடுறதை விட அது மேல்.

---

ரெண்டாம்பிளேயர்

கார்ட் வந்துருச்சு. ஸ்விட்ச் வச்சாச்சு, மூணு பீப் சோதனையும் சரி. டிவி 50 எடுத்துக்குது. பேட் 1, 2 பிரமாதம்.

ஆனா மூணாவது பேடை ஆட்டம் கண்டுக்கவே இல்ல. நாலாவது சரி. சோபா தூரம்ங்கிறதால மூணாவதுக்கு மட்டும் ஒன்பது முனை எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒண்ணு போட்டிருக்கேன். கார்ட்ல அந்த போர்ட் செத்துருச்சோன்னு பயமா இருக்கு. விக்கிறவருக்கு எழுதலாமா?

---

ஒயர்ப்பெட்டி

எழுதுவதற்கு முன் கேபிளைக் கழற்றிவிட்டு பேடை நேராகச் சொருகிப் பாருங்கள். வேலை செய்தால் போர்ட் நிரபராதி. பிறகு அதே கேபிளைப் பெட்டியின் முன்பக்க முதல் போர்ட்டில் போட்டு, முதல் சோனிக் ஆட்டத்தை ஓட்டி ஒவ்வொரு பட்டனும் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மோடைப் பிடித்துத் தொடங்குங்கள்.

---

ரெண்டாம்பிளேயர்

நேராச் சொருகினா மூணாவது பேட் வருது! கேபிளோட சோனிக்ல: திசை எல்லாம் சரி. பி அழுத்தினா குதிக்கிறான். ஏ, ஸ்டார்ட் ரெண்டும் செத்திருக்கு. விசித்திரம் என்னன்னா சி அழுத்தினா குதிச்ச கையோட ஆட்டம் பாஸ் ஆகுது.

---

ஒயர்ப்பெட்டி

கேபிளில் 7-ஆம் கம்பி இல்லை. சி அழுத்தினால் பாஸ் ஆவது அதற்குக் கைரேகை மாதிரி.

சேகா பேடின் முனைகள்: 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது, 5 ஐந்து வோல்ட், 6 டிஎல், 7 டிஎச், 8 தரை, 9 டிஆர். மூன்று பட்டன் பேடில் நான்கு திசை, ஏ, பி, சி, ஸ்டார்ட், ஆக எட்டு. ஆனால் தகவலுக்கு ஆறு கம்பிதான். எனவே பெட்டி 7-ஆம் கம்பியை மேலே தூக்கி ஒருமுறை படிக்கும்: 6-இல் பி, 9-இல் சி. கீழே இறக்கி மறுமுறை: 6-இல் ஏ, 9-இல் ஸ்டார்ட். 7 அறுந்திருந்தால் பேடின் சிப் எப்போதும் முதல் நிலையிலேயே நிற்கும். பெட்டிக்கு அது தெரியாது. இரண்டாம் முறை படிக்கும்போதும் பி, சி-தான் வரும், அதை அது ஏ, ஸ்டார்ட் என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே சி என்றால் சி-யும் ஸ்டார்ட்டும். பி என்றால் பி-யும் ஏ-யும். சோனிக்கில் இரண்டுமே குதிப்பதுதான் என்பதால் அது கண்ணில் படவில்லை.

மிலிட்டரியில் பேடே தெரியாமல் போனதும் இதனால்தான் இருக்கும். டிஎச் கீழே இருக்கும்போது நல்ல பேட் இடது, வலது இரண்டும் ஒரேசமயம் அழுந்தியதுபோல் காட்டும். மனிதக் கையால் அது ஆகாது. அதை வைத்துத்தான் 'இங்கே பேட் இருக்கிறது' என்று தெரிந்துகொள்வது. 7 இல்லையேல் அந்த அடையாளம் வராது.

மற்றவர்களுக்கும் உதவும் என்பதால்: சி-யும் ஸ்டார்ட்டும் மட்டும் செத்திருந்தால் 9. ஏ-யும் பி-யும் செத்திருந்தால் 6. ஒரு திசை மட்டும் என்றால் 1 முதல் 4-க்குள் ஒன்று. எதுவுமே இல்லையென்றால் முதலில் 8-ஐப் பாருங்கள். 5 இல்லையென்றால் சிப்புக்கு மின்சாரம் இல்லை, நிமிடத்துக்கு ஒரு குணம் காட்டும்.

உங்களுடையது அட்டாரி ஜாய்ஸ்டிக்குக்கு என்று விற்ற கேபிளாக இருக்கும். அட்டாரி ஜாய்ஸ்டிக்குக்குத் திசை, ஒரு பட்டன், தரை போதும், அதனால் 5, 7, 9 கம்பிகளில் ஏதாவது ஒன்றை, சில நேரம் மூன்றையுமே, மிச்சம் பிடித்துவிடுவார்கள். புதியதை வாங்கியதும் மல்டிமீட்டரில் ஒன்பது முனையையும் ஒன்றுக்கொன்று நேராக பீப் பார்த்துவிடுங்கள். கணினி சீரியல் கேபிள் ஒன்பதும் நேர்க் கம்பியாக இருந்தால் ஆகும், ஆனால் பக்கத்து ஸ்க்ரூ தடுப்பதால் அதைப் பிடுங்க வேண்டிவரும். 'நல் மோடம்' (கம்பிகள் குறுக்காக மாறிய சீரியல்) கேபிளைத் தொடவே தொடாதீர்கள்: அதில் 7-உம் 8-உம் இடம் மாறும். தரை வரவேண்டிய காலில் டிஎச் வந்து நிற்கும்.

---

குட்டிடாங்கி

கேபிள் மாத்தும்போது நாலாவதுக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கிடுங்க. எக்ஸ்டென்ஷன் தூரத்துக்கு மட்டும் இல்ல, கார்ட்டோட ஆயுளுக்கும்தான். கேபிளைப் பெட்டிக்குப் பின்னால கொண்டுபோய் மேசைக்கால்ல ஒரு சுத்து சுத்தி வெல்க்ரோ போட்டுக் கட்டுங்க. யாராவது பேடை இழுத்தா இழுப்பு மேசைக்காலோட நின்னுடும், கார்ட் அசையாது. கார்ட் ஒரு மில்லிமீட்டர் சாஞ்சாலே ஆட்டம் உறையும், எட்டுப் பேர் கூச்சலும் உங்க மேலதான் விழும்.

பழைய ஜே-கார்ட்ல போர்ட்டோட சால்டர் முனையைச் சுத்தி மோதிரம் மாதிரி விரிசல் விழுறதும் இந்த இழுப்பாலதான். பேடை ஆட்டினா வந்து வந்து போகுதுன்னா அதுதான். புது சால்டர் கொஞ்சம் சேர்த்து ஒவ்வொரு முனையையும் மறுபடி உருக்கினா சரியாகும்.

---

ரெண்டாம்பிளேயர்

பீப் பார்த்தேன். 7 மட்டும் இல்ல, 5-உம் இல்ல! ஆனா பேட் எப்படி இத்தனை வேலை செஞ்சது?

---

ஒயர்ப்பெட்டி

பேடுக்குள் இருக்கும் சிப் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. பெட்டியின் உள்ளே தகவல் கம்பிகளை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்கள் வழியாகக் கசிந்து வருவதை வைத்தே பிழைத்துக்கொள்ளும், நிறையப் பட்டன்களை ஒன்றாக அழுத்தாத வரை. நான்கு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள், தடுமாறும். அந்தக் கேபிளை 'அட்டாரி' என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் இதே கேள்வியோடு வருவீர்கள்.